கதிரை இல்லாத படம்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமையோடு எங்கள் தொத்தோரே இறந்து ஒரு வருடம். தொத்தோரே என்றால் டொக்டர். நான் பலெர்மோவில் எட்டு வருடம் வேலை செய்த வீட்டுக்காரர். இந்த ஊரில் வருட நினைவுக்குத் தேவாலயத்தில் பூசை வைப்பார்கள். நான் சைவக்காரன் என்றாலும் போனேன். வழக்கம்போலக் கடைசி வாங்கில் இருந்தேன்.

பூசை தொடங்குவதற்கு முன் அவருடைய மகன் ரொபேர்த்தோ முன் வாங்கிலிருந்து எழும்பி நடுவழியால் நடந்து வந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் தோளில் கை வைத்து, "செல்வா, உன் இடம் அங்கே" என்று முன்னால் காட்டினார். கூச்சத்தில் என் காது சுட்டது. ஆனாலும் போய் இருந்தேன்.

வெளியில் வந்தபோது அவர் ஒரு தோல் பையை என்னிடம் தந்தார். "அப்பாவின் கமரா. இது உன்னிடம் இருப்பதுதான் சரி" என்றார். பல்லாரோச் சந்தைக்குள்ளால் நடந்து வீட்டுக்கு வரும்வரை அந்தப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன். மீன்காரன்கூட, "என்ன செல்வா, குழந்தையா?" என்று கேட்டான்.

ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர், அங்குள்ள சனம் வாசிக்க, வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதி அனுப்பும்படி நெடுநாளாகக் கேட்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்ன எழுதுவது என்று தட்டிக் கழித்து வந்தேன். அதோடு, இடம்பெயர்ந்து கூடாரத்துக்குள் இருக்கும் உங்களுக்கு நான் ஒரு விடுமுறைக் கதையைச் சொல்வது சரியா என்ற யோசனையும் இருந்தது. என் அண்ணர் மல்லாவியிலிருந்து எழுதிய கடிதத்தில், "இஞ்சை கேக்கிறதெல்லாம் ஷெல் அடிச்ச கதை. வேறை ஏதும் இருந்தால் எழுது" என்று இருந்தது. அந்தத் துணிவில் எழுதுகிறேன். நான் ஆப்பிரிக்காவுக்குச் சபாரி போன கதை இது. வாகனத்தில் காட்டுக்குள் போய்ச் சிங்கம், யானை எல்லாம் பார்த்துவிட்டு வரும் பயணத்துக்குத்தான் சபாரி என்று பெயர். பணக்கார வெள்ளைக்காரர் போவது. நானும் போனேன்.

2

தொத்தோரே கண் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி முன்பே இறந்துவிட்டார். வீட்டுச் சுவர் முழுவதும் மிருகங்களின் படங்கள் தொங்கின. வருடம் ஒருமுறை ஆப்பிரிக்காவுக்குப் போய் அவரே எடுத்த படங்கள். நான் அந்த வீட்டில் முதன்முதல் செய்த வேலை அந்தச் சட்டங்களின் தூசி துடைத்ததுதான். ஒரு காண்டாமிருகத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "அதற்குக் கிட்டத்தில் போகாதே, கோபக்காரன்" என்று பின்னால் நின்று சொன்னார். எனக்கு அப்போது இத்தாலி மொழி தெரியாது. ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று நினைத்து ஏணியிலிருந்து இறங்கி நின்றேன். அவர் நெடுநேரம் சிரித்தார்.

பிறகு ஒருநாள் காலையில் பாரிசவாதம் வந்து அவருடைய வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சிலும் பாதி போய்விட்டது. பயிற்சி கொடுக்க ஒருவர் மூன்று மாதம் வந்து, விழுந்த கையையே பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அது அசையவில்லை. அவரும் வராமல் நின்றுவிட்டார்.

நான் படித்தவனல்ல. ஆனால் வராத ஆளுக்காகக் காத்திருப்பதைவிட வந்து நிற்கிற ஆளை வேலைக்கு எடுப்பது நல்லது என்பது எனக்குத் தெரியும். அவருடைய இடது கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "பிழியுங்கள்" என்றேன். முதல்நாள் பழம் அப்படியே இருந்தது. இரண்டு மாதம் போக, காலைத் தேநீருக்கு வேண்டிய சாறு வரத் தொடங்கியது. பிறகு ஒரு தட்டில் கடலையைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்க வைத்தேன். கோபம் வந்து தட்டைத் தள்ளிவிடுவார். நான் குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கி மறுபடியும் தட்டில் போடுவேன். ஒன்றும் பேசமாட்டேன். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான வேலை அல்ல.

அந்த வீட்டையும் நான் இடது பக்கம் திருப்பினேன். கதவுச் சங்கிலியை மாற்றிப் பூட்டினேன். கரண்டிகளின் காம்பை வளைத்தேன். அவருடைய சட்டைகளை என் மனைவி வீட்டுக்குக் கொண்டுவந்து பொத்தான்களை மறுபக்கம் தைத்துக் கொடுத்தாள். எந்தப் பொருளை எடுத்து நீட்டினாலும் இடது கைக்கு வாகாகத் திருப்பி நீட்டுவது எனக்கு யோசிக்காமலே வந்துவிட்டது.

ஒரு பொருளை மட்டும் அவர் தொடவில்லை. அது இந்தக் கமரா. "பொத்தான் வலது பக்கம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

3

ஒரு வசந்த காலத்தில் தொத்தோரே சாப்பாட்டு மேசையில் இடது கையை ஓங்கி அடித்து, "யானை" என்றார். சாவதற்கு முன் இன்னொரு முறை யானை பார்க்க வேண்டுமாம். ரொபேர்த்தோ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், பிறகு முடியாமல், "செல்வா கூட வந்தால் போகலாம்" என்றார். குளிக்க வார்க்க, உடுப்பு மாற்ற, அவருடைய சில்லுக் கதிரையைத் தள்ள ஆள் வேண்டுமே.

என் மனைவி ராணி ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுச் சாப்பாட்டுக் கடையில் கணவாய் துப்பரவாக்கும் வேலை செய்தாள். வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தக் காடாம்?" என்றாள்.

"சாவோ."

"பேரே சாவோ? கடவுளே, வேறை காடு கிடைக்கேல்லையே அவைக்கு?"

அடுத்த ஞாயிறு சாந்தா ரொசாலியா மாதாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறி நேர்த்தி வைத்தாள். இங்கே எங்கள் சைவச் சனமும் அந்த மலைக்குப் போகும்.

மாதா ஒரு பக்கம், பெர்மெஸ்ஸோ ஒரு பக்கம். பெர்மெஸ்ஸோ என்பது நாங்கள் இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரம். என்னுடையது புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. கையில் இருந்தது கொடுத்ததற்கு அத்தாட்சியாக ஒரு துண்டு மட்டும். துண்டோடு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. அதனால் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் நான்கு காலைகள் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவன் யோகன், எங்கள் ஒழுங்கையில் இருப்பவன்.

"என்ன அண்ணை, அவசரமோ?"

"ஓம். கென்யா போறன். சபாரிக்கு."

வரிசையே திரும்பிப் பார்க்கும்படி யோகன் சிரித்தான். "அண்ணை, மொண்டெல்லோக் கடற்கரைக்கே நீங்கள் வேலைக்குத்தான் போறனீங்கள். கால் நனைக்கவும் மாட்டியள். இப்ப சிங்கம் பாக்கப் போறியளோ? சிங்கத்துக்கு ஆர் குளிக்க வாக்கிறது?"

யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி ரொபேர்த்தோ தந்த கடிதத்தைப் படித்துவிட்டு, "பயணம் வேலைக்கா, விடுமுறைக்கா?" என்று கேட்டார். நான் பொய் சொல்லப் பயந்து, "அவருக்கு விடுமுறை, எனக்கு வேலை" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாம் நாள் பெர்மெஸ்ஸோ கையில் கிடைத்தது.

அப்போது என் மகள் துளசிக்குப் பன்னிரண்டு வயது. ஆறு வயதில் தாயோடு வந்தவள். நான் தமிழில் கேட்டால் பலெர்மோ இத்தாலியில் பதில் சொல்வாள். மொண்டெல்லோவில் நான் தொத்தோரேயைக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது, சிநேகிதிகளோடு எதிரே வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு கடந்துபோவாள். நான் கோபிக்கவில்லை. கடல் அழகாகத்தான் இருந்தது.

பயணத்துக்கு முதல்நாள் அவள் என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, எனக்கு ஒரு ஃபோட்டோ வேணும்."

"என்னத்தின்ரை?"

"நீங்களும் ஆனையும். நீங்கள் மட்டும். தொத்தோரே நிக்கக் கூடாது. பை தூக்கிக்கொண்டு நிக்கக் கூடாது. கதிரை இருக்கவே கூடாது. கப்பீத்தோ?" விளங்கியதா என்று கேட்கிறாள்.

"ஆர் பிள்ளை எடுக்கிறது?"

"ஆரிட்டையும் கேளுங்கோவன், பப்பா! வாய் இருக்குதானே?"

காரணத்தை ராணிதான் பிறகு சொன்னாள். துளசி வகுப்பில் எழும்பி, "என் அப்பா ஆப்பிரிக்காவுக்குச் சபாரி போகிறார்" என்று சொன்னாளாம். ஒரு பொடியன், "உன் அப்பா கிழவனுக்குக் குண்டி கழுவப் போகிறார்" என்றானாம். வகுப்பே சிரித்ததாம். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது படத்தோடு வந்து காட்டுகிறேன் என்று இவள் சபதம் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அன்று முழுவதும் எனக்கு அது ஒன்றுதான் தலைக்குள் நின்றது. பெர்மெஸ்ஸோ எடுப்பதுகூட இலேசு. ஒருவரிடம் போய், "என்னை ஒரு படம் எடுங்கள்" என்று கேட்பது எனக்கு அதைவிடக் கஷ்டம்.

4

ரோமிலிருந்து மொம்பாசா. அங்கிருந்து மேலே திறக்கும் கூரை வைத்த ஒரு வான் வண்டியில் சாவோ. சாரதியின் பெயர் முவாங்கி. கென்யாக் கடற்கரைக்கு இத்தாலிக்காரர் நிறைய வருவதால் அவனுக்கு இத்தாலி ஓரளவு தெரியும். என் இத்தாலியும் அவனுடைய இத்தாலியும் ஒரே அளவு உடைந்திருந்தபடியால் எங்களுக்குள் நன்றாக விளங்கியது.

காட்டு வாசலில் ரொபேர்த்தோவும் மனைவியும் அனுமதிச் சீட்டு எடுக்கப் போனார்கள். அங்கேதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

கலியாணத்துக்கு முன் நான் வன்னியில் விறகு ஏற்றும் உழவு இயந்திரத்தில் வேலை செய்தவன். ஒட்டுசுட்டான் பக்கத்துக் காடுகளுக்குள் பத்து வருடம் போய் வந்திருக்கிறேன். காட்டுக்குள் இறங்க முன் பச்சைக் குழை ஒன்றை முறித்து ஒரு மரத்தடியில் வைத்து, "பிள்ளையாரே, உள்ளுக்கு நாலு பேர் போறம், நாலு பேரும் வெளியிலை வரவேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். அது இல்லாமல் சாரதி இயந்திரத்தைக் கிளப்பமாட்டான். உங்களில் பலருக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

சாவோ வாசலிலும் என் கை தானாகப் போனது. ஒரு முள் மரத்தில் ஒரு முழம் குழை முறித்தேன். முள் குத்தி இரத்தமும் வந்தது. மரத்தடியில் வைத்து, "ஐஞ்சு பேர் போறம்" என்று தொடங்கினேன். முடிப்பதற்குள் துவக்குத் தோளில் போட்ட காவல்காரர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார்.

அந்தக் காட்டில் ஒரு இலைகூட முறிக்கக் கூடாதாம். வாசலில் பலகையில் எழுதியிருக்கிறதாம். என்னை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி மேசையில் வைத்தார்கள். ஏன் முறித்தாய் என்று கேட்டார்கள். எனக்கு ஆங்கிலம் வராது. பிள்ளையாரை எப்படி விளங்கப்படுத்துவது? கையை மூக்கில் வைத்துத் தும்பிக்கை போல ஆட்டிக் காட்டினேன். யானைக்குத் தீனி கொடுக்க முறித்தேன் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அது இன்னும் பெரிய குற்றமாம். நான் பயந்து, இல்லை இல்லை என்று கும்பிட்டுக் காட்டினேன். யானையிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்தார்களோ தெரியாது.

கடைசியில் முவாங்கி வந்து முழுவதையும் கேட்டு அவர்களுக்குத் தங்கள் மொழியில் சொன்னான். மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னுடைய தெய்வத்துக்கு யானை முகமா?" என்று முவாங்கி மூலம் கேட்டார். நான் ஓம் என்று தலையாட்டினேன். "அப்படியானால் அந்தத் தெய்வமே உன்னைத் தண்டித்திருக்கும், யானையின் சாப்பாட்டை முறித்தாய்" என்றார். எச்சரிக்கை என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ரொபேர்த்தோவின் முகம் அதைவிடச் சூடாக இருந்தது. காலை நேரத்தில்தான் மிருகங்கள் வெளியில் நிற்கும் என்பதும், அந்த நேரம் என்னால் போய்விட்டது என்பதும் எனக்கே விளங்கியது.

அன்று ஒரு சிங்கம் கண்டோம். கண்டோம் என்று பன்மையில் எழுதுகிறேன். எல்லோரும் கூரை வழியாக எழும்பி நின்று பார்த்தார்கள். தொத்தோரேயால் எழும்ப முடியாது. நான் அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். சிங்கம் போகும்வரை என் முகம் அவருடைய முதுகில் அழுந்தியிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் மூச்சு வேகமாக அடித்ததுதான்.

ரொபேர்த்தோ நிறையப் படங்கள் எடுத்தார். ஒன்றிரண்டில் நானும் விழுந்திருப்பேன். கதிரையின் கைபிடியில் இருக்கும் இரண்டு கைகளாக.

5

மறுநாள் காலையில் விடுதி வாசலில் ரொபேர்த்தோ சொன்னார்: "செல்வா இன்று விடுதியில் இருக்கட்டும். அப்பாவை நானும் முவாங்கியும் பார்த்துக்கொள்கிறோம். மிச்ச இரண்டு நாளும் அப்படித்தான்."

எனக்கு வேலை குறைந்ததுதான். ஆனால் யானை இனி இல்லை. துளசியின் படமும் இல்லை. மூவாயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்து ஒரு குழைக்காக எல்லாம் போய்விட்டதே என்று நின்றேன். தொத்தோரேயின் தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தேன்.

அவர் அதைக் கழற்றி மடியில் வைத்தார். "நான் போகவில்லை" என்றார்.

"அப்பா, நீங்கள்தானே யானை பார்க்க வேண்டும் என்று..."

"செல்வா போகவில்லை. நான் போகவில்லை." பாரிசவாதம் வந்த பிறகு அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது.

ரொபேர்த்தோ கோபத்தில் வான் கதவைச் சாத்திக்கொண்டு மனைவியோடு போய்விட்டார். கமராப் பையை எடுக்க மறந்து போனார். அது என் தோளிலேயே கிடந்தது.

நாங்கள் இருவரும் விடுதியின் பெரிய முற்றத்துக்குப் போனோம். முன்னால் ஒரு குட்டையான மதில். மதிலுக்கு அப்பால் பள்ளத்தில் ஒரு நீர்க்குளம். அதன் பிறகு கண் எட்டும் வரை சிவப்பு மண்ணும் முள் மரமும். காலை முழுவதும் குளத்துக்கு இரண்டு வரிக்குதிரையும் சில பன்றிகளும் மட்டும் வந்தன. நான் தொத்தோரேக்குச் சவரம் எடுத்துவிட்டேன். உணவு கொடுத்தேன். நேற்று நடந்ததற்கு மன்னிக்கும்படி கேட்டேன். அவர் தன் இடது கையால் என் கையில் முள் குத்திய இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பின்நேரம் மூன்று மணியிருக்கும். காற்று மாறி எங்கள் பக்கம் வீசியது. அதில் புளித்த வைக்கோல் போல ஒரு மணம். வன்னியில் அந்த மணம் வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிற்போம்.

"தொத்தோரே, யானை வருகிறது" என்றேன்.

குளிர்பானம் கொண்டுவந்த பரிசாரகர் சிரித்தார். பொழுதுபடும் நேரத்துக்குத்தான் வரும், இப்போது வராது என்றார். தொத்தோரே அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு முள் மரங்களைப் பார்த்தார்.

கால்மணி நேரத்தில் மரங்களுக்குள் மண் நிறத்தில் ஏதோ அசைந்தது. மண்ணே எழும்பி நடந்து வந்ததுபோல் இருந்தது. சாவோ யானைகள் சிவப்பு. அந்த மண்ணை அள்ளிப் பூசிப் பூசிச் செங்கல் நிறத்தில் இருக்கும். எங்கள் யானையின் காது சுளகு என்றால் இதன் காது பாய். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினேழு. நடுவில் ஒரு குட்டி, தாயின் காலுக்குள் தடக்கித் தடக்கி வந்தது. நேரே குளத்துக்கு வந்து, எங்களிலிருந்து ஐம்பது அடி தூரத்தில் தண்ணீர் உறிஞ்சின. பரிசாரகர் தட்டோடு அப்படியே நின்றார்.

தொத்தோரேயின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை எடுக்கவில்லை. அந்தக் கையை என் பக்கம் நீட்டி, "கமரா" என்றார்.

நான் பையைத் திறந்து எடுத்து நீட்டினேன். ஒரு விநாடி அவர் வாங்காமல் கமராவையே பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். கரண்டியையும் கோப்பையையும் நீட்டும் பழக்கத்தில் அதையும் இடது கைக்கு வாகாகத் திருப்பி நீட்டியிருந்தேன். கமரா தலைகீழாக இருந்தது. பொத்தான் அவருடைய இடது பெருவிரலுக்குக் கீழே இருந்தது.

அவர் மெல்லச் சிரித்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். காண்டாமிருகத்துக்கு நான் பயந்த நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

பாரம் தாங்க ஒரு சிறு மேசையை இழுத்து அவர் முகத்துக்கு நேரே வைத்தேன். துவாயைப் பல மடிப்பாக மடித்து மேசையில் வைத்து, பொத்தான் பக்கம் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி கமராவை அதன்மேல் கவிழ்த்து வைத்தேன். அவர் கண்ணை வைத்தார். இரண்டு வருடம் எலுமிச்சம்பழம் பிழிந்த கை. முதல் 'கிளிக்' கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

எத்தனையோ படம் எடுத்த பிறகு அவர் தலையை எடுத்து, "செல்வா, அங்கே நில்" என்று மதிலைக் காட்டினார்.

நான் அவரிடம் கேட்கவில்லை. துளசி சொன்னதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவும் இல்லை. மதிலருகே போய் நின்றேன். பின்னால் யானைகள் தண்ணீர் ஊற்றும் சத்தம். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கைகளில் எப்போதும் ஏதாவது இருக்கும். அன்று ஒன்றும் இல்லை.

"தலை! மேலே!" என்று கத்தினார். நிமிர்ந்தேன்.

பொழுது சாயும் நேரம் வான் திரும்பி வந்தது. ரொபேர்த்தோவும் மனைவியும் தலை முதல் கால் வரை சிவப்புத் தூசி. நாள் முழுவதும் ஓடியும் ஒரு யானைகூடக் காணவில்லையாம். தொத்தோரே மதிலுக்கு அப்பால் விரலை நீட்டினார். கடைசி யானைகள் இரண்டு இன்னும் குளத்தில் நின்றன. ரொபேர்த்தோ யானையைப் பார்க்கவில்லை. மேசையில் கவிழ்ந்திருந்த கமராவையும், அதன்மேல் இருந்த தகப்பனின் கையையும் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளை ஐந்து பேரும் போவோம்" என்றார்.

முவாங்கி என் காதுக்குள் சொன்னான்: "நாளைக்குக் குழை நான் முறிச்சுத் தாறன். அந்தக் காவல்காரன் தேத்தண்ணி குடிக்கிற நேரமாப் பாத்து." அவன் சொன்னது உடைந்த இத்தாலியில். எனக்குக் கேட்டது என்னவோ எங்கள் தமிழில்தான்.

6

பலெர்மோவில் படங்களைக் கழுவி எடுத்தபோது நான் நின்ற படத்தைத் தொத்தோரே தனியாக ஒரு உறையில் போட்டுத் தந்தார். படம் கொஞ்சம் சரிந்திருந்தது. ஆனால் நான் நிமிர்ந்து நின்றேன். பின்னால் மூன்று சிவப்பு யானைகள். கதிரை இல்லை. இருக்க வழியில்லை, கதிரையில் இருந்தவர்தானே படம் எடுத்தார்.

துளசி பார்த்துவிட்டு ஒரு துள்ளுத் துள்ளினாள். பிறகு முகம் சுருங்கியது. "அப்பா, இதென்ன, தேதி தலைகீழா இருக்கு?"

அந்தக் கமரா ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையிலும் சிறிய மஞ்சள் எழுத்தில் தேதியைப் பதிக்கும். இந்தப் படத்தில் அது மேல் மூலையில், தலைகீழாக இருந்தது. நான் காரணத்தைச் சொன்னேன். "சரி, சரி, ஆரும் கவனிக்க மாட்டினம்" என்று சொல்லிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறந்த நாள் வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்ன பிள்ளை, படம் காட்டினனியே?" என்றாள் ராணி.

"காட்டினனான். அவன் சொல்லுறான், புத்தகத்திலை வெட்டி ஒட்டினதாம். எல்லாரும் ஓம் எண்டிட்டினம்."

நான் எழும்பிக் கதவுக்குக் கிட்டப் போனேன்.

"பிறகு ரீச்சர் வாங்கிப் பாத்தவ. ஏன் தேதி தலைகீழா இருக்கெண்டு கேட்டவ." பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "நான் சொன்னன்."

"என்ன சொன்னனீ?"

"எடுத்த ஆளுக்கு வலது கை ஏலாது. அப்பாதான் இடது கையைப் பழக்கினவர். எலுமிச்சம்பழம் பிழிய வைச்சு. கமராவை மறுபக்கம் திருப்பிக் குடுத்ததும் அப்பாதான். அப்பா அவரைப் பாக்கிற வேலை செய்யிறவர் எண்டு சொன்னன்." இவ்வளவையும் தமிழில் சொன்னாள். "ரீச்சர் அந்தப் பொடியனைக் கூப்பிட்டு, இடது கையாலை பள்ளிக்கூடக் கமராவைப் பிடிச்சுப் பொத்தானை அமத்திப் பார் எண்டவ. அவனாலை ஏலாமப் போச்சு. அப்பா, கடலை பொறுக்க வைச்ச கதையையும் எழுதிக்கொண்டு வரட்டாம். சொல்லுங்கோ."

நான் சொன்னேன். அவள் மேசையில் இருந்து இத்தாலியில் எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் சொன்ன பாடம் ஒன்று பலெர்மோப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இப்போது துளசிக்குப் பதினைந்து வயது. தொத்தோரேயின் கடைசி வருடம் சனிக்கிழமைகளில் அவளே வந்து அவரை மொண்டெல்லோவில் தள்ளிக்கொண்டு போனாள். சிநேகிதிகள் எதிரே வந்தால் நின்று கதைப்பாள்.

ஞாயிறு பூசையிலிருந்து வந்து பையை மேசையில் வைத்ததும் அவள் திறந்து கமராவை எடுத்தாள். உள்ளே தொத்தோரே கடைசியாகப் போட்ட படச்சுருளில் இன்னும் மிச்சம் இருந்தது. "அப்பா, அம்மா, சுவரோடை நில்லுங்கோ" என்றாள்.

நின்றோம். அவளுக்கு இரண்டு கையும் நல்ல கை. ஆனாலும் கமராவைத் தலைகீழாகப் பிடித்தாள்.

"ஏன் பிள்ளை? நேரா எடுக்கலாம்தானே?" என்றேன்.

"நேரா எடுத்தால் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம், அப்பா" என்றாள். "கேட்டால்தானே சொல்லலாம். தலையை நிமித்துங்கோ."